விஷக்கொடித் தோரணம்

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு, என் முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தினார். டார்ச் வெளிச்சம் கழுத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மாலையைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் நின்ற மருமகள் கவிதாவிடம் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்லுதாங்க?"

கவிதா தரையைப் பார்த்தாள். "மாமா, அந்த மாலையைக் கழட்டச் சொல்றாங்க."

"சாமின்னு கூப்பிடணும்."

"சாரி. சாமி, மாலையைக் கழட்டச் சொல்றாங்க."

என் வலது கண் வீங்கி மூடியிருந்தது. ஒற்றைக் கண்ணால் டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் மகன் முரளியைவிட இளையவர். நான் உட்கார்ந்திருந்த கட்டிலில் விரித்திருந்த காகிதம் அசையும்போதெல்லாம் சரசரத்தது. செருப்பில்லாத கால் இரும்புப் படியில் பட்டு விறைத்துப்போயிருந்தது. கை தானாகப் போய் மாலையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையிலும் கொப்புளம்தான்.

"முடியாதுன்னு சொல்லும்மா" என்றேன்.

இந்தத் தொடரில் கடந்த வாரங்களில் சங்கரன்கோவிலில் நான் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்ததையும், கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பு கட்டியதையும் எழுதினேன். ஒரு வாசகர், "அமெரிக்கா போன பிறகு உங்களுக்கு எழுத என்ன இருக்கப்போகிறது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அரிப்பு இருக்கிறது ஐயா. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அறுபது வயதுக் கன்னிசாமி

நான் பத்தாவது வரை படித்தவன். சாமி விஷயத்தில் புத்தக ஞானம் கிடையாது. சின்ன வயதிலிருந்து கும்பிட்டுக்கொண்டே வருகிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கார்த்திகை பிறந்தால் தெருவே கறுப்பு வேட்டியாகிவிடும். எனக்கு மட்டும் அது கடை சீசன். மாலை போட்ட சாமிமார் வீட்டுப் பூஜைக்கெல்லாம் லைட் கட்டியது நான்தான். நான் மாலை போட்டதில்லை.

வேண்டுதல் வந்தது அமெரிக்காவில். பேத்தி யாழினி நாள் நிறையாமல் பிறந்துவிட்டாள். டல்லாஸில் ஒரு ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். உடம்பைவிட அதில் ஒட்டியிருந்த ஒயர் அதிகம். ஒயரோடு பிழைப்பு நடத்தியவன் நான். அந்த ஒயரில் எது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர்கள் பேசுவதும் புரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஐயப்பா, இது மூச்சு விடட்டும். மாலை போட்டு இருமுடி சுமந்து வாரேன்" என்றேன்.

மூச்சு விட்டாள். இப்போது மூச்சு விடாமல் பேசுகிறாள்.

நான்தான் தள்ளிப்போட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் கொரோனா. ஒரு வருடம் முழங்கால் ஆபரேஷன். அடுத்த வருடம் அந்த முழங்கால் சரியாகவில்லை. கடைசியில் போன கார்த்திகையில், டல்லாஸை ஒட்டிய காப்பெல் என்ற ஊரில், மகன் வீட்டிலேயே மாலை போட்டேன். மலை ஏற முடியாத கால். ஆகவே இங்கே பக்கத்து ஊர் ஐயப்பன் கோயிலுக்கு இருமுடி கட்டிப் போவது என்று முடிவானது.

மாலை போட்டுவிட்ட குருசாமி பெயர் ரமேஷ். நாகர்கோவில்காரர். ஒரு பேங்கில் சாஃப்ட்வேர் வேலை. ஆறடிக்கு மேல் உயரம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். குருசாமி என்பது வயதுக் கணக்கு இல்லை, எத்தனை வருடம் மலைக்குப் போனார் என்ற கணக்கு. நான் காலைத் தொடப் போனதும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சாமி, எங்க அப்பா வயசு உங்களுக்கு."

"கன்னிசாமி நான். நீங்க பேசாம நில்லுங்க" என்றேன்.

மாலை ஏறிவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை, செருப்பு கிடையாது, கோபம் கிடையாது. வாசனை சோப்பையும் விட்டேன். ஆண்களெல்லாம் சாமி, பெண்களெல்லாம் மாளிகைப்புறம். முப்பது வருடத்துக்கு மேல் 'ஏளா' என்று கூப்பிட்ட என் மனைவி செண்பகத்தையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"மாளிகைப்புறம், காப்பி."

"நாலு மாளிகை கட்டி வச்சவரு மாதிரியில்லா கூப்பிடுதீங்க" என்றாள்.

காலையும் மாலையும் சரணம் சொல்லி முடித்து, மாலையில் தொங்கும் ஐயப்பன் டாலரை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வேன். அந்த நேரத்தில் யாழினி ஓடிவந்து மடியில் உட்காருவாள். டாலரைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "சாமி காயின்" என்பாள். அவளுக்காக வந்த மாலைதானே என்று நானும் விட்டுவிடுவேன்.

வேலியோரச் சிவப்பு

முதல் தடவை மாலை போட்டவன் வீட்டில் கன்னி பூஜை நடத்த வேண்டும். எங்கள் வீட்டுப் பின்புறம் நல்ல இடம். புல்வெளி, அதற்குப் பிறகு மரவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடையோரம் பெரிய பெரிய மரங்கள்.

எல்லாம் தயார். மாவிலை மட்டும் இல்லை. இந்தியன் ஸ்டோரில் தீர்ந்துபோயிருந்தது. முரளி ஒரு பிளாஸ்டிக் தோரணத்தைக் காட்டினான். பச்சை பிளாஸ்டிக்கில் மஞ்சள் பிளாஸ்டிக் பூ.

"சாமிக்கு பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுவிட்டுப் பின்புறம் போனேன்.

வேலிமேல் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. ஓடையோர மரத்திலிருந்து இறங்கி வந்த கொடி. குளிர் ஆரம்பிக்கிற நேரம் இந்த ஊரில் இலை நிறம் மாறும் அல்லவா? மற்ற மரமெல்லாம் அழுக்கு மஞ்சளில் நிற்க, இது மட்டும் குங்குமச் சிவப்பு. பளபளப்பு வேறு. காம்புக்கு மூன்று மூன்று இலை. வில்வத்துக்கு இருப்பது போல மூன்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு நாளும் வீட்டுக்குப் பின்னாலேயே காத்துக்கொண்டு இருந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

கத்தரி தேடப் பொறுமையில்லை. கையாலேயே இழுத்தேன். தண்டில் தேங்காய் நார் மாதிரி முடி முடியாக இருந்தது. பிடித்து இழுத்தால் மொத்தமாக வந்தது. ஏணி ஏற இரண்டு கையும் வேண்டுமே. அதனால் கொடியை நாலைந்து சுற்றாகக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கட்சிக் கூட்டத்தில் மாலை விழுந்த ஆள் மாதிரி இருந்திருப்பேன். உதிர்ந்த இலைமேல் வெறுங்காலோடு நடந்து, ஏணியை நகர்த்தி நகர்த்தி, பின்வாசல் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் கட்டினேன்.

செண்பகம் கதவோரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. கையைக் கழுவிட்டு உள்ள வாங்க."

கழுவினேன். வெறும் தண்ணீரில்.

பூஜை நன்றாக நடந்தது. சரண கோஷத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் கூடவே குரல் கொடுத்தது. எல்லோரும் தோரணத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் நானே அதை அவிழ்த்துக் குப்பைப் பையில் கட்டிவைத்தேன்.

ஆளுக்கொரு காரணம்

முதலில் விரலிடுக்கில் அரித்தது. பிறகு முன்கையில் ஒரு கோடு. ஒயர் ஓட்டுவதற்கு மஞ்சள் தடவிய நூலை இழுத்துத் தட்டினால் சுவரில் கோடு விழுமே, அந்த மாதிரி நேர்க்கோட்டில் சின்னச் சின்னக் கொப்புளம். அடுத்து பாதம். பாதத்திலிருந்து கணுக்கால். அது அடங்குமுன் கழுத்தைச் சுற்றி வளையமாக வந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தால் வலது கண் திறக்கவில்லை.

சொறிந்தால் ஒரு சுகம். அடுத்த நிமிடம் நெருப்பு.

"சூடு" என்றாள் செண்பகம். "பட்டினி கிடந்து கிடந்து குடல் வெந்துபோச்சு."

"வேட்டிச் சாயமா இருக்கும்பா" என்றான் முரளி. கறுப்பு வேட்டியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். சாயம் போனது உண்மைதான். அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

மாலை போட்ட எங்கள் குழுவில் ஒரு சாமி போனில், "ஐயன் சோதிக்கிறார் சாமி, விட்டுறாதீங்க" என்றார். கவிதா அலர்ஜி மாத்திரை கொடுத்தாள். நான் விபூதியைக் குழைத்துப் பூசினேன். அது காய்ந்து வெடித்தது.

யாழினி தள்ளி நின்று பார்த்தாள். "தாத்தா, யூ லுக் லைக் எ ஸ்ட்ராபெர்ரி."

"என்ன சொல்லுது?"

"ஸ்ட்ராபெர்ரி பழம் மாதிரி இருக்கீங்களாம்" என்றாள் கவிதா. சிரிப்பை அடக்கியபடி கார்ச் சாவியை எடுத்தாள். "போதும் சாமி. கிளம்புங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாம்."

போட்டோவில் இருந்தது

இப்போது டாக்டரம்மாவிடம் திரும்பி வருகிறேன். மாலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் நிறையக் கேட்டிருந்தார். காட்டுக்குள் போனீர்களா? இல்லை. தோட்ட வேலை? இல்லை. கூடாரம் போட்டுத் தங்கினீர்களா? நானா!

"வீட்டுல ஒரு பூஜை மட்டும் நடந்தது" என்று கவிதா சொல்லி, எவ்வளவு நன்றாக நடந்தது என்று காட்டுவதற்காகப் போனில் போட்டோவை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. முகங்களுக்கு மேலே பார்த்தார். "ஓ நோ" என்றார்.

பாய்சன் ஐவி. விஷக்கொடி. இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம், மூன்று இலை கண்டால் ஒதுங்கிப் போ என்று. நான் மூன்று இலை கண்டு கும்பிட்டேன்.

அவர் பொறுமையாக விளக்க, கவிதா தமிழில் சொன்னாள். அந்த இலையில், தண்டில், வேரில் எல்லாம் ஒரு எண்ணெய் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. துணியில் பட்டால் துணியில் இருக்கும், ஏணியில் பட்டால் ஏணியில் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் ஒழிய மாசக்கணக்கில் போகாது. என் கொப்புளத்தைத் தொட்டால் அடுத்தவருக்கு வராது. ஆனால் அந்த எண்ணெய் இருக்கும் பொருளை யார் தொட்டாலும் வரும்.

"மாங்காய்ப் பால் பட்டா உங்களுக்குப் பொத்துப்போகுமான்னு கேக்கறாங்க. அதுவும் இதுவும் ஒரே குடும்பமாம்."

அந்தக் கோலத்திலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாவிலைக்குப் பதிலாகத்தானே அதைக் கட்டினேன்? சொந்தக்காரனைத்தான் கூட்டிவந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் சேராமரம் என்று ஒன்று உண்டு. அதன் பால் பட்டாலும் இப்படித்தான் ஆகும். ஒருமுறை புளியங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டாருக்கு லைன் இழுக்கப் போனபோது, என்னுடன் வந்த மாரியப்பன் தெரியாமல் அந்தக் கிளையை ஒடித்துவிட்டான். மறுநாள் முகம் பூசணிக்காய். தோட்டக்காரர்கள் அவனைத் தான்றி மரத்தடிக்குக் கூட்டிப்போய், மரத்தைச் சுற்றிவந்து முறையிடச் சொன்னார்கள். சேரா கோபித்தால் தான்றி சமாதானம் செய்யுமாம். சுற்றினான். கொஞ்ச நாளில் வற்றியது. சுற்றாமல் இருந்தாலும் வற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. டெக்ஸாஸில் தான்றி மரத்துக்கு எங்கே போவது?

"கண்ணுக்கு எப்படிப் போச்சுன்னு கேக்கறாங்க சாமி."

செய்து காட்டினேன். டாலரை எடுத்து, முதலில் இடது கண், பிறகு வலது கண்.

"தினமுமா?"

"ரெண்டு வேளை."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் மாலையைச் சுட்டிக்காட்டினார். அப்போதுதான் நான் முடியாது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மாத்திரை ஒரு பக்கம் அணைக்கும், மாலை இன்னொரு பக்கம் பற்றவைக்கும்" என்றார். சீட்டு எழுதிக்கொடுத்தார். கதவைத் திறந்தவர் திரும்பி நின்று, "வீட்டில் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கா" என்றாள் கவிதா.

"அவள் அதைத் தொட வேண்டாம்."

இதைக் கவிதா மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்தது.

மடியில் இடமில்லை

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் சேதி போனது. தோரணம் உயரத்தில் இருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒருவரைத் தவிர. ஆறடி குருசாமிக்கு நெற்றியில் ஒரு திட்டு வந்திருந்தது. குங்குமம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் குங்குமத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

வீட்டில் வாஷிங் மெஷின் நிற்கவே இல்லை. வேட்டி, துண்டு, ஜமுக்காளம், கதவுக் குமிழ், ஏணி எல்லாம் சோப்புத் தண்ணீர் கண்டன. மாத்திரைக்குக் கையும் காலும் அடங்கின. கண் திறந்தது. நானும் டாலரைக் கண்ணில் ஒற்றுவதை நிறுத்திவிட்டேன். கைகூப்புவதோடு சரி.

கழுத்து மட்டும் அடங்கவில்லை. ஒரு வரிசை காயும்போது அடுத்த வரிசை கிளம்பியது.

வழக்கம்போல் சாயங்காலம் யாழினி ஓடிவந்தாள். கையை நீட்டித் தடுத்தேன்.

"சாமிகிட்ட வரக் கூடாது கண்ணு."

அவள் நின்றாள். "ஆர் யூ மேட் அட் மீ?"

"கோவம் இல்ல. சாமிக்கு உடம்பு சரியில்ல."

தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். புரிந்தும் போகவில்லை. எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்து, நான் சரணம் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. அந்தத் தூரம் பழகிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் தரையில் கண்ணயர்ந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பொடிக் கொப்புளம். நான் தூங்கும்போது வந்து காயினைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையால் கன்னத்தைத் தொட்டிருக்கிறாள்.

கவிதா பிள்ளையைச் சமையல் மேடைமேல் உட்கார வைத்து, கன்னத்தில் மருந்து தடவினாள். தடவிவிட்டுக் கையைக் கழுவினாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதில் யோசிக்க அதிகமில்லை. எந்த உயிருக்காக மாலை போட்டேனோ, அந்தக் கன்னத்தில் மாலையே கோடு போட்டுவிட்டது. இருமுடிக்கு இன்னும் சில வாரம் இருந்தது. குருசாமிக்குப் போன் செய்தேன்.

"வந்து கழட்டிவிட்ருங்க சாமி."

குண்டாவில் மாலை

ரமேஷ் ஆபீஸ் முடிந்து நேராக வந்தார். நெற்றியில் களிம்பு. என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உடம்புக்கு முடியலன்னா கழட்டலாம் சாமி. தப்பே இல்ல. ஐயப்பன் படத்துல சாத்திருவோம். அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிக்கலாம். அவரு எங்கயும் போயிர மாட்டாரு."

"நான் போயிருவேனே" என்றேன். "அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னுதானே இத்தனை வருஷம் போச்சு."

நான் தலையைக் குனிந்தேன். அவர் சரணம் சொல்லியபடி, பையிலிருந்து பிளாஸ்டிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க."

செண்பகம் அடுப்படிப் பக்கமிருந்து வந்தாள். கையில் கரண்டி.

"எனக்கு ஒரு சந்தேகம். கழட்டக் கூடாது, சரி. கழுத்துல இருக்கும்போதே சோப்புப் போட்டுத் தேய்ச்சா குத்தமா?"

ரமேஷ் யோசித்தார். "குளிக்கும்போது நனையத்தானே செய்யுது..."

"நனையது வேற சாமி. நான் சொல்லுதது பாத்திரம் வெளக்குத சோப்பு. எண்ணெய்ப் பிசுக்குன்னுதானே டாக்டர் சொன்னாங்க? எண்ணெய்ச் சட்டியை நான் எதுல வெளக்குதேன்?"

"இதுவரைக்கும் யாரும் அப்படிச் செஞ்சு நான் பார்த்ததில்ல, மாளிகைப்புறம்."

"விஷக்கொடில யாரும் தோரணம் கட்டியும்தான் பார்த்திருக்க மாட்டீங்க."

ரமேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலையை உற்றுப் பார்த்தார். துளசி மணி, செம்புக் கம்பியில் கோத்தது. நூலாக இருந்தால் எண்ணெயை இழுத்துவைத்திருக்கும், கம்பி இழுக்காது என்றார். கவிதா அந்த கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டாள். கையுறை போடுங்கள், பச்சைத் தண்ணீர் நிறைய விடுங்கள், கழுத்தில் படாமல் பாருங்கள், போய்விடும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றார்களாம்.

"முயற்சி பண்ணுவோம்" என்றார் ரமேஷ். "போகலன்னா கழட்டிருவோம். சரியா சாமி?"

சரி என்றேன்.

குளியலறையில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கவிதா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும் பிளாஸ்டிக் தாளை என் கழுத்தில் சுற்றினாள். செண்பகம் சாம்பார் வைக்கிற எவர்சில்வர் குண்டாவைக் கொண்டுவந்தாள். "இனிமே இது சமையலுக்கு ஆகாது" என்று சொல்லி, அதில் சோப்புத் தண்ணீரை விட்டாள். நான் குனிந்தேன். மாலை கழுத்தில் இருந்தபடியே குண்டாவுக்குள் இறங்கியது.

ரமேஷ் வாசலில் உட்கார்ந்து சரணம் சொன்னார். நான் குண்டாவுக்குள் வாயை வைத்துத் திருப்பிச் சொன்னேன். எதிரொலி நன்றாக இருந்தது.

செண்பகம் மஞ்சள் கையுறையோடு, புது டூத் பிரஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தேய்த்தாள். ஒரு மணி முடிந்ததும் மாலையை ஒரு மணி அளவுக்கு நகர்த்துவாள். பிடரியில் இருந்தது முன்னால் வரும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். மறுபடி சோப்பு. மாலை போட்ட நாளிலிருந்து அவள் என்னைவிட்டு ஒரு கை தள்ளியே இருந்தவள். இப்போது அவள் மூச்சு என் காதருகில் கேட்டது. அவள் சொன்னது சரணம் இல்லை.

"இலை பறிக்கப் போன மனுசன்... கண்ணைத் தொறந்து பறிச்சிருக்கலாம்... கழுத்துல வேற போட்டுக்கிட்டு..."

டாலரின் கொக்கி, விளிம்பு எல்லாம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ரமேஷுக்குக் கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்து எழுந்து நின்று சரணத்தைத் தொடர்ந்தார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

கடைசித் தண்ணீரையும் கொட்டியாயிற்று. செண்பகம் கையுறையைக் கழற்றிப் போட்டாள். என்ன செய்யப்போகிறாள் என்று நான் உணருமுன், வெறுங்கையால் டாலரை எடுத்தாள். தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"ஏளா! என்ன காரியம் பண்ணுதே!"

மாளிகைப்புறம் மறந்துவிட்டது. கோபமும் வந்துவிட்டது. ரமேஷ் கண்டுகொள்ளவில்லை.

"வந்தா எனக்கு வரட்டும்" என்றாள். "பிள்ளை தொடலாமா வேண்டாமான்னு பின்ன எப்படித் தெரியும்?"

"அத்தை, சில பேருக்கு இது வரவே வராதாம்" என்றாள் கவிதா மெதுவாக.

"மாங்காய்ப் பால் பட்டாலே எனக்கு உதடு வெந்துபோவும். எனக்கு வராம யாருக்கு வரும்?"

கண்ணும் கழுத்தும்

அடுத்த நாள் காலையில் வீட்டில் எல்லோரும் அவள் கண்ணைத்தான் பார்த்தோம். ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் பார்த்தோம். முரளி ஆபீஸ் கிளம்பும்போது, "அம்மா, இங்க பாரு" என்பான். அவள் இமையைத் தூக்கிக் காட்டிவிட்டு தோசையைத் திருப்புவாள். பட்டிருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்த கெடு முடிந்தது. இமை இமையாகவே இருந்தது. என் கழுத்திலும் புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. யாழினி கன்னத்தில் தோல் உரிந்து, அடியில் புதுத்தோல் தெரிந்தது.

அன்று சாயங்காலம் செண்பகமே பேத்தியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். யாழினி காயினைப் பிடிக்கவில்லை. என்னை நம்பாமல் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடித்தாள்.

இருமுடி கட்டும் நாளில் ரமேஷ் நெய்த்தேங்காய் நிரப்பி, இருமுடியை என் தலையில் ஏற்றிவைத்தார். குழந்தை மூச்சுக்காகக் கேட்டேன், கொடுத்தாய், கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லவேண்டும் என நினைத்திருந்தேன். கோயில் சந்நிதியில் முழங்கால் வலிதான் தெரிந்தது. நின்றுவிட்டு வந்தேன். ரமேஷ் மாலையைக் கழற்றினார்.

மாலை கழன்ற இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று நின்றுவிட்டது. கொப்புளம் காய்ந்த தழும்பு, மணி மணியாக. போக மாதங்கள் ஆகும் என்றார் டாக்டரம்மா.

பொங்கல் கழிந்து இந்தியன் ஸ்டோருக்குப் போயிருந்தோம். எதிரே ஒரு தமிழர் வந்தார். என் ஸ்வெட்டர் கழுத்துக்கு மேலே தெரிந்த வளையத்தைப் பார்த்ததும் தன் தள்ளுவண்டியை நிறுத்தி, கைகூப்பி, "சாமி சரணம்" என்றார். நானும் "சாமி சரணம்" என்றேன். சொன்னவருக்குத் திருப்பிச் சொல்லாமல் இருக்க முடியாதே. கூப்பிய கையை எடுக்காமலே அவர் கண் இறங்கி எங்கள் தள்ளுவண்டிக்குப் போனது. அதில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த வஞ்சிரம், இரண்டு பாக்கெட். மறுபடி என் கழுத்தைப் பார்த்தார். மறுபடி மீனைப் பார்த்தார்.

நான் விஷக்கொடி, தோரணம் என்று எங்கிருந்தோ ஆரம்பித்தேன். செண்பகம் தன் சால்வையை எடுத்து என் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"நடங்க. மீனு உருகுது."